ஒரு பாலாடைக்கு நாலு விரல்

பசி வந்தால் எல்லா வீட்டுப் பிள்ளையும் அழும், மகுடீஸ்வரி பெற்ற பிள்ளை மட்டும் அழாது, மிதக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி அதுவும் துணியை நனைக்கிற, கொட்டாவி விடுகிற, நீட்டின விரலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற பிள்ளைதான் என்று முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் வந்து விசாரித்தவர்கள் எல்லாரும் கொம்பு இருந்ததா, வால் இருந்ததா என்றுதான் கேட்டார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, மூன்று மாடி நிட்டிங் கட்டடம் ஒன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கிற பதினோரு வீட்டு லைன் எங்களுடையது. ஒரே வரிசை, ஒரே குழாய், எல்லாருக்கும் ஒரே சிமெண்ட் அட்டைக் கூரை, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்று வரட்டும் என்று விட்ட ஒரு முழ இடைவெளி. அந்த இடைவெளியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மகுடீஸ்வரி ஏழாவது வீடு, துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள், இருபத்து நாலு வயசு. புருஷன் ரங்கராசு சாயப்பட்டறையில் வேலை. நான் எட்டாவது வீடு, முப்பது வருஷம் செக்கிங் மேசையில் நின்று துணியில் ஓட்டை பார்த்தவள், கால் வீங்க ஆரம்பித்த பிறகு வீட்டோடு இருக்கிறேன், லைனில் எல்லாருக்கும் நாச்சாயக்கா. ஆறாவது வீடு மெஹருன்னிசா. பதினோரு வீட்டிலும் அவள் வீட்டில்தான் ஃபிரிட்ஜ். இவ்வளவு பேரைத் தெரிந்தால் போதும்.

பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் காலையில் நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு போனேன். மகுடீஸ்வரி சுவரோரமாகத் திரும்பி உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். தூளி தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை தூளிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மல்லாந்து கிடந்தது.

"அம்மிணி, பாப்பா மேல இருக்குது" என்றேன்.

"எதுக்கு மேலக்கா?"

"எதுக்கு மேலயும் இல்ல. சும்மா மேல."

அவள் திரும்பிப் பார்த்தாள். கத்தவில்லை. என் குரல் கேட்டு வந்த மெஹருன்னிசாவும் கத்தவில்லை, அவள் வாசலில் நின்றபடியே கையை நீட்டி ஃபேன் சுவிட்சை அணைத்தாள்; அந்தப் புத்தி அவளுக்கு எப்படி வந்தது என்று இன்றுவரைக்கும் நான் வியந்துகொண்டிருக்கிறேன். மகுடீஸ்வரி பிள்ளையைக் காற்றிலிருந்து எடுத்து மாரில் போட்டாள். அது குடிக்கக் குடிக்க மடியில் கனம் ஏறிற்று. நான் தொட்டுப் பார்த்தேன், குடம் நிறைவது போல ஏறிற்று.

அப்புறம் நாங்கள் பழகிக்கொண்டோம். பழகாமல் என்ன செய்வது, விடிந்தால் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், எட்டரைக்குக் கம்பெனி சங்கு ஊதும், ஒரு பிள்ளை மிதக்கிறது என்பதற்காக எந்த மிஷின் நிற்கப்போகிறது; ஆகவே ஏழாவது வீட்டு ஃபேனின் இறக்கைகளை ரங்கராசு கழற்றிப் பரணில் போட்டான், இரண்டாவது வீட்டுக்காரர் கம்பெனியில் கழித்துப் போட்ட வெள்ளை எலாஸ்டிக் டேப் ஒரு ரோல் கொண்டுவந்து கொடுத்தார், அதில் ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறு முனையைக் கட்டில் காலிலும் கட்டினோம், மஞ்சள் கயிறு கட்டச் சொன்னவர்களுக்காக மஞ்சள் கயிறும் கட்டினோம், மெஹருன்னிசாவின் மாமியார் ஓதி ஊதிவிட்டுப் போனார், மாரியம்மன் கோயில் பூசாரி வந்து பார்த்துவிட்டு, "கெட்டதா இருந்தா கீழதான் இழுக்கும், மேல போறது நல்லதுதானுங்க" என்று திருநீறு கொடுத்துப் போனார். செல்போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க வந்த பையன்களை லைன் பெண்கள் விளக்குமாற்றோடு தெரு முனை வரைக்கும் கொண்டுபோய் விட்டோம். லைனுக்குச் சொந்தக்காரர் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டார்.

"எத்தன ஆளு இருப்பீங்கன்னு கேட்டுத்தான் வூடு வுட்டேன் ரங்கராசு. அத்தனை பேரும் தரையில இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அட்டையத் தொடாதுங்க, கட்டித்தானுங்க வெச்சிருக்கறோம்" என்றான் ரங்கராசு.

அரசாங்கத்து நர்ஸம்மா எடை பார்க்க வந்தார். தொங்கு தராசில் துணித்தொட்டிலைக் கொக்கி போட்டுப் பிள்ளையை அதில் வைத்தார். பால் குடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முள் பூஜ்யத்துக்குப் போனது, அதையும் தாண்டிப் பின்னால் போனது, தராசே கொஞ்சம் மேலே எழும்பிற்று. நர்ஸம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நோட்டை எடுத்தார். பூஜ்யத்துக்குக் கீழே எழுத அந்த நோட்டில் கட்டம் இல்லை. ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார்.

"தாய்ப்பால் மட்டுந்தானே குடுக்கறே?"

"ஆமாங்க மேடம்."

"அதையே குடு. நல்லாக் குடு" என்று சொல்லி, எடைக் கட்டத்தில் 'மறுபடி பார்க்க வேண்டும்' என்று எழுதிக்கொண்டு போனார்.

பசும்பால் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தோம், டப்பா பால் கரைத்துக் கொடுத்துப் பார்த்தோம். குடித்தது, ஏப்பம் விட்டது, இருந்த உயரத்திலேயே இருந்தது. பெற்றவள் பால்தான் அதைத் தரைக்குக் கொண்டுவந்தது. ரங்கராசு சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்தான்: மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் ஊட்டினால் ஒரு பாலாடைப் பாலுக்கு நாலு விரல் இறங்கும். இரண்டு மணி நேரம் சும்மா விட்டால் ஒரு முழம் ஏறும். இதை லைனில் எல்லாரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போல, மனப்பாடமாகச் சொல்லுவோம்.

பயம் ஒன்றுதான். அந்தப் பிள்ளை அழாது. பசித்தாலும் அழாது, மேலே போகும்போதும் அழாது. கண்ணை அகலமாகத் திறந்துகொண்டு சத்தமில்லாமல் போகும். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு அரிசி களையலாம், துணி அலசலாம், அது கூப்பிடும். கூப்பிடாத பிள்ளையை என்ன செய்வது? ஒருத்தி மாற்றி ஒருத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். லைனில் எல்லாருக்கும் கழுத்து வலி.

ஐம்பதாம் நாள் ஒரு போன் வந்தது. மகுடீஸ்வரியின் கம்பெனி சூப்பர்வைசர்.

"அடுத்த திங்கக்கெழம வந்துரு மகுடீஸ்வரி. அன்னிக்கு வரலைன்னா உன்ற மிஷின்ல வேற ஆளு உக்காந்துருவாங்க. தப்பா நெனச்சுக்காத."

சாயப்பட்டறை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரங்கராசு கொண்டுவருவது வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போயிற்று. இவள் மிஷின் போனால் அப்புறம் இவள் சாப்பாடு, இவள் பால், அந்தப் பிள்ளையின் கனம் எல்லாமே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஆனால் எட்டரையிலிருந்து ஐந்தரை வரைக்கும் பாலுக்கு எங்கே போவது? கையால் பீய்ச்சிப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, டம்ளரின் அடி மறைகிற அளவுதான் வந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பதற்றம், பதறப் பதற பால் உள்ளேயே நின்றுகொண்டது.

"அதுக்கு மிஷின் இருக்குதக்கா" என்றாள் மெஹருன்னிசா. "என்ற நாத்தனா வெச்சிருந்தா. பம்பு."

அன்றிலிருந்து லைனில் பம்பைத் தவிர வேறு பேச்சு இல்லை. பால் குடி மறந்து இருபது வருஷம் ஆனவர்கள், கல்யாணமே ஆகாதவர்கள், ஒன்பதாவது வீட்டு லோடுமேன் உட்பட எல்லாரும் ஒரு கருத்து வைத்திருந்தார்கள். மெடிக்கல் கடைக்கு மகுடீஸ்வரி, மெஹருன்னிசா, நான் மூன்று பேரும் போனோம். கடைக்காரர் கூச்சப்பட்டு, அலமாரிக்குப் பின்னாலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்துத் தினத்தாள் மேல் வைத்தார்.

"அதென்ன திருட்டுச் சாமானா, வெளியில வெய்ங்க, கையில எடுத்துப் பாக்கோணும்" என்றாள் மெஹருன்னிசா.

மூன்று வகை இருந்தது. ஒன்று கண்ணாடிக் குப்பியில் சிவப்பு ரப்பர் உருண்டை வைத்தது, ஆட்டோ ஹாரன் மாதிரி அமுக்கி விட வேண்டும், விலை ஒரு கிலோ கறி விலைகூட இல்லை. ஒன்று கைப்பிடி வைத்தது, விரலால் இழுத்து இழுத்து விட வேண்டும், அதைப்போலப் பல மடங்கு விலை. ஒன்று கரண்டில் ஓடுவது, அதன் விலையைக் கேட்டதும் மகுடீஸ்வரி கையிலிருந்ததைத் தினத்தாள் மேல் திரும்ப வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஹாரன் பம்பு வாங்கினோம். அமுக்கினால் உறிஞ்சியது, உறிஞ்சின பால் குப்பிக்குள் நின்றதைவிட ரப்பருக்குள் போனதே அதிகம். மறுநாள் ரப்பர் புளித்து நாறிற்று. நர்ஸம்மாவுக்குக் காட்டினோம்.

"இதுக்குள்ள போன பால எந்தப் பிரஷ்ஷ வுட்டுக் கழுவுவீங்க? வெந்நீர்ல போட்டாலும் உள்ள போகுமா? இதுல எடுத்ததக் குடுத்தா வயித்தால போகும். தூக்கிப் போடுங்க."

புதன்கிழமை லைன் சொந்தக்காரர் வீட்டம்மா, வாசலில் வந்து நின்று, மருமகள் வைத்திருந்த கரண்டுப் பம்பை இரவல் கொடுத்தார். நல்ல மனசு, முறைத்த வீட்டிலிருந்து வந்தது. என் கண் செக்கிங் பார்த்த கண். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அதன் குழாய்க்குள் மிளகை இடித்துத் தூவினது போலக் கறுப்புப் பூசணம். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டால், ஒருத்தர் வைத்துக்கொண்டதை இன்னொருத்தர் வைத்துக்கொள்ளவே கூடாது என்றார். அது போக, பின்னால் நிட்டிங் கட்டடத்தில் மிஷின் போட்டால் எங்கள் லைனில் குண்டு பல்பே மங்கும், மோட்டார் எங்கே ஓடும்.

ஆக, வெள்ளிக்கிழமை கைப்பிடிப் பம்பு என்று முடிவாயிற்று. எல்லாவற்றையும் கழற்றலாம், கழுவலாம், கொதிக்க வைக்கலாம், கரண்டு வேண்டாம். கடைக்காரர், மாரில் பொருத்துகிற வாயைக் காட்டி, "புனல் சைஸ் மூணு இருக்குதுங்க. சின்னது, நடு, பெருசு. எது போடட்டும்?" என்றார்.

மூன்று பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். எங்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. பிறந்ததிலிருந்து பனியனிலேயே கிடக்கிறவர்கள் நாங்கள். துணி ஒரு தண்ணி கண்டால் சுருங்கும், இரண்டு தண்ணி கண்டால் இன்னும் சுருங்கும், பிள்ளைகளுக்கு ஜட்டி எடுத்தாலும் கிழவனுக்குப் பனியன் எடுத்தாலும் ஒரு சைஸ் கூட்டித்தான் எடுப்போம். இது வேறு தினமும் வெந்நீரில் கொதிக்கப் போகிற சாமான்.

"பெருசே போடுங்க" என்று மூன்று பேரும் ஒரே வாயாகச் சொன்னோம்.

சனிக்கிழமை முழுக்க மகுடீஸ்வரி பம்பும் கையுமாக இருந்தாள். வலித்தது போலிருக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கேட்டால், "பழகோணுமில்லீங்க்கா" என்றாள். தட்டில் போட்டு வைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. சாயங்காலம் வரைக்கும் இழுத்து அரை டம்ளர் சேர்ந்தது. அதை ஒரு மூடி போட்ட ஸ்டீல் கிண்ணத்தில் ஊற்றி, மெஹருன்னிசா வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். லைனில் ஒவ்வொருத்தராக வந்து அந்த ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எந்தக் கம்பெனியிலும் ஆர்டர் ஓட்டுவதற்கு முன்னால் ஒரு சாம்பிள் பீஸ் தைத்துப் பார்ப்பார்கள். நாங்களும் அப்படியே ஞாயிற்றுக்கிழமை ஒரு சாம்பிள் பார்த்துவிடலாம் என்று, காலை எட்டரைக்கு மகுடீஸ்வரியைத் தெருவை விட்டே அனுப்பினோம், நாலு தெரு தள்ளி அவள் அக்கா வீட்டுக்கு. பிள்ளை கண்ணில் படாத தூரம். ரங்கராசு ஞாயிறு ஷிப்ட் கிடைத்தது என்று போயிருந்தான்.

ஒன்பதரைக்கு வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை நிறுத்தி இளஞ்சூடு ஏற்றிப் பாலாடையில் ஊட்டினேன். இறங்கிற்று. பதினொன்றுக்கு மிச்சத்தையும் ஊட்டினேன். கிண்ணத்தை வழித்தேன். பதினொன்றே முக்காலுக்குப் பிள்ளை கட்டில் மட்டத்தில் இருந்தது, பன்னிரண்டேகாலுக்கு என் இடுப்பு மட்டத்தில், அப்புறம் என் தோள் மட்டத்தில். நான் டேப்பைப் பிடித்து இழுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். தண்ணீருக்குள் குடத்தை அமுக்கிப் பிடிப்பது போல இருந்தது.

"மெஹரு! போன் போடு!"

"போட்டுட்டேனுங்க்கா, எடுக்க மாட்டீங்குறா!"

குழாயடியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு கையை எடுத்தேன். ஒரு கைதான். பிள்ளை நழுவிக்கொண்டு போயிற்று. டேப் இருக்கிறதே என்று நினைத்தேன். அது கம்பெனி கழித்துப் போட்ட டேப், இத்தனை நாள் இழுத்து இழுத்து அதில் இழுவையே செத்துப்போயிருந்தது என்பதை முப்பது வருஷம் செக்கிங் பார்த்த நான் பார்க்கவில்லை. அது நீண்டுகொண்டே போய்க் கட்டில் காலில் முடிச்சு இருந்த இடத்தில் அறுந்தது. பிள்ளை கூரை அட்டையைத் தொட்டு, அதன் சரிவைப் பிடித்துக்கொண்டே மெள்ள மெள்ள உருண்டு, நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த ஒரு முழ இடைவெளிக்குப் போய், தலையை முதலில் விட்டு, பிறந்தது போலவே வெளியே போயிற்று.

லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. யாரோ நிட்டிங் துணி ரோல் ஒன்றைப் பிரித்து நாலு மூலை பிடித்தார்கள், கீழே விழுந்தால் தாங்க. விழுகிற பிள்ளையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. அது கொடிக் கம்பிக்கு மேலே போயிற்று, கேபிள் வயருக்கு மேலே போயிற்று, இடுப்பில் வெள்ளை டேப் வால் மாதிரி ஆட, கட்டை விரலைச் சப்பிக்கொண்டு, கீழே எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டே போயிற்று. அழவில்லை. அழுதிருந்தால் நாங்களும் அழுதிருப்போம்.

அப்போதுதான் மகுடீஸ்வரி தெருமுனையில் வந்தாள். போன் பார்த்து வரவில்லை. மார் கனத்து வலித்தது, மணி ஆயிற்று என்று தெரிந்தது, வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். நேரே நிட்டிங் கட்டடத்துப் படியில் ஏறினாள், எத்தனை படியை ஒரே எட்டில் தாண்டினாள் என்று நான் அப்போது எண்ணவில்லை. மூன்றாவது மாடி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அவள் வந்து நின்றபோது, டேப்பின் நுனி சுவருக்கு ஒரு முழம் எட்ட ஆடிக்கொண்டிருந்தது. எட்டினாள், அவள் எட்டக்கூடிய தூரத்துக்கும் மேலே எட்டிப் பிடித்தாள். பிடித்து, கிணற்றில் வாளி இறைப்பது போலக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்து, அங்கேயே தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து மாரில் போட்டாள்.

மூச்சு வாங்க மேலே ஏறிப் போன நான் அவள் முந்தானையை விலக்கிப் பார்த்தேன். மார் முழுக்க வட்ட வட்டமாகப் புனல் பதிந்த தடம், காம்பு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

"இது பழகற வலி இல்ல அம்மிணி. இது அளவு தப்பு."

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்ன சைஸ் புனலுங்க வாங்குனீங்க?"

"பெருசுங்க."

"ஏன் பெருசு?"

"வெந்நீர்ல போட்டாச் சுருங்குமில்லீங்க?"



"பிளாஸ்டிக்குங்க அது, பனியனில்ல" என்றார் நர்ஸம்மா. "காம்ப அளங்க. அதைவிட ஒரு நூல் ரெண்டு நூல்தான் புனல் பெருசா இருக்கோணும். பெருசாப் போட்டா சுத்தியிருக்கற சதையெல்லாம் உள்ள போகும், பால் வராது, புண்ணுதான் வரும்."

செக்கிங் மேசையில் நான் வைத்திருந்த அளவு டேப்பின் மறுபக்கத்துச் சின்னக் கோடுகளை வைத்து அளந்தேன். ஆயிரமாயிரம் நெஞ்சளவு எடுத்த டேப்பு சொன்னது, இவளுக்கு வேண்டியது சின்ன சைஸ். மெடிக்கல் ஞாயிறு சாயங்காலம் திறப்பதற்கு முன்னாலேயே நானும் மெஹருன்னிசாவும் ஷட்டர் முன்னால் நின்றோம். பிரித்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார் கடைக்காரர். மெஹருன்னிசா, பெருசைப் போடச் சொன்ன மூன்று பேரில் அவளும் ஒருத்தி என்பதை மறந்துவிட்டு, "கேக்கறவங்களுக்குத் தெரியாது, விக்கறவங்களுக்குமாத் தெரியாது?" என்று தெரு கேட்கக் கத்தினாள். அவர் உள்ளே போய்ச் சின்னப் புனல் மட்டும் தனியாக ஒன்று தேடி எடுத்து வந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் சுடுதண்ணீர்த் துணி ஒத்தடம் கொடுத்துவிட்டு அவளை உட்கார வைத்தோம். பிள்ளை எதிரில், அவள் கண்ணுக்கு நேரே. நர்ஸம்மா சொன்னபடி முதலில் குட்டிக் குட்டியாக, வேகமாக இழுத்தாள், அப்புறம் நீட்டி, நிதானமாக. ஓவர்லாக் மிதிக்கிற தாளம் அவளுக்குத் தெரியாதா, கால் செய்ததைக் கை செய்தது. முதல் சொட்டு குப்பி அடியில் விழுந்த சத்தம் பதினோரு வீட்டுக்கும் கேட்டது. அப்புறம் சொட்டு இல்லை, நூல். அப்புறம் இரண்டு நூல், மூன்று நூல். "வருதா, வருதா" என்று வெளியே நின்ற ஆம்பளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் ஒரு டம்ளர், விடியற்காலை இன்னொரு டம்ளர். ஃபிரிட்ஜில் இட்லி மாவை வெளியே எடுத்து வைத்துவிட்டாள் மெஹருன்னிசா.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மகுடீஸ்வரி கிளம்பினாள். பையில் பம்பு, கொதிக்க வைத்துத் துடைத்த குப்பி, டிபன் பாக்ஸ். பிள்ளைக்குப் புது டேப், இரட்டை முடிச்சு, நானே இழுத்து இழுத்துப் பார்த்தது. அவள் வாசலைத் தாண்டிப் போகும்போது செருப்புச் சத்தமே கேட்கவில்லை. பிள்ளை தூங்கட்டும் என்று மெதுவாகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு ஊட்டினேன், நாலு விரல், நாலு விரல், நாலு விரல், தரை. பன்னிரண்டரைக்கு ஊட்டினேன், தரை. வந்து வந்து எட்டிப் பார்த்தவர்களுக்கு விரலை உதட்டில் வைத்துத் தரையைக் காட்டினேன். ஒரு மணிக்கு அவள் போன் வந்தது, பின்னால் மிஷின் சத்தம் இல்லை, சாப்பாட்டு நேரம்.

"அக்கா, பாப்பா கீழ இருக்குதுங்களா?"

"கீழதான் இருக்குது அம்மிணி. கல்லு மாதிரி இருக்குது."

"இங்க அட்டப்பெட்டி ரூம்புல உக்காந்து எடுத்துட்டிருக்கறனுங்க. முக்கா டம்ளர் வந்துருச்சுங்க்கா. நாளைக்கு ஆகுமில்ல?"

"ஆகும், ஆகும். பாத்து மூடி வெய்யி. சிந்தீராத."

"சரிங்க்கா, பெல் அடிச்சுட்டாங்க."

இவ்வளவுதான் பேசினோம். போன் வைத்ததும் லைனில் எல்லாருக்கும் சொன்னேன், முக்கால் டம்ளர் என்று. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஐந்தரைக்குச் சங்கு ஊதிற்று. பிள்ளை பாயில் குப்புறப் படுக்கப் பார்த்துக்கொண்டு, கனமாக, தரையோடு தரையாகக் கிடந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக என் கழுத்து குனிந்தே இருந்தது. அப்படிக் குனிந்தே இருந்ததால்தான் நான் அதைப் பார்த்தேன். வாசல்படிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோடிக் கால் வந்து நின்றது, மகுடீஸ்வரியின் கால், வெடித்த குதிகால், வலது பக்கம் மெட்டி, பழைய நீலச் செருப்பு. செருப்புக்கும் தரைக்கும் நடுவில் சாயங்கால வெயில் நீளமாக உள்ளே வந்து விழுந்திருந்தது.

நாலு விரல் இல்லை. ஒரு சாணுக்கு மேலே.

அவளுக்குத் தெரியவில்லை. "பாப்பா கீழயே இருந்துச்சுங்களா?" என்று கேட்டபடி உள்ளே வந்தாள், நடக்கிற மாதிரிதான் காலை எடுத்து வைத்தாள். நிலைப்படியில் தலை இடித்தது, என்ன இது என்று அண்ணாந்து பார்த்தாள்.

நான் அவள் பையைப் பிடுங்கித் திறந்தேன். பால் குப்பி மூடி போட்டு, ஈரத் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. டிபன் பாக்ஸைத் திறந்தேன். காலையில் போட்ட தக்காளிச் சாதம், காலையில் அமுக்கின கரண்டித் தடத்தோடு, அப்படியே.

"சாப்புடலயா?"

"நேரம் இருந்துச்சுன்னா எடுக்கறதா, திங்கறதா அக்கா?"

"நேத்து?"

அவள் யோசித்தாள்.

"முந்தாநேத்து?"

அதற்கும் யோசித்தாள். மெஹருன்னிசா உள்ளே வந்து, பார்த்து, இறக்கை இல்லாத ஃபேனின் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து இந்த லைனில் பதினோரு வீட்டுக்காரரும் பிள்ளை குடித்ததா, குடித்ததா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டோம். அதைப் பெற்றவளை ஒருத்தர் கேட்கவில்லை. நான் பக்கத்து வீடு. நான்கூடக் கேட்கவில்லை.

புது டேப் ரோலில் மிச்சம் இருந்தது. அவள் இடுப்பில் கட்டி, மறு முனையை என் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். மெஹருன்னிசா வீட்டில் வடித்த சுடுசோறும் பருப்பும் வந்தது, இரண்டாவது வீட்டிலிருந்து முட்டை வந்தது, ஒன்பதாவது வீட்டு லோடுமேன் ஓடிப்போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வாசலிலேயே நின்றார். அவள் உட்காரப் பார்த்தாள், உட்கார முடியவில்லை, ஆகவே நான் எழுந்து நின்று, வீங்கின கால் விரல் நுனியில் எட்டி, உருண்டை பிடித்து அவள் வாய்க்கு நீட்டினேன்.

"என்ன சின்னப் பிள்ளையாட்ட ஊட்டறீங்க. நானே திங்கறேன், விடுங்க்கா."

"வாயத் தொற."

ஒரு வாய். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஒரு வெரல்" என்றாள் மெஹருன்னிசா.

"இன்னொண்ணு வாங்கு அம்மிணி."

வாங்கினாள். மென்றாள். மெல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் மெல்லுவதை நிறுத்தவில்லை. பாயில் கிடந்த பிள்ளை தலையைத் தூக்கி, தன் அம்மா மேலே இருப்பதைப் பார்த்தது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது, அப்புறம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, லைன் முழுக்க அதிர வீறிட்டு அழுதது.